மரச்சட்டத் தரையில் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் போடலாமா?

ஹாரோவாசி: லண்டன் ஹாரோவில் 1930-களில் கட்டிய வீடு. கீழ்த்தளம் முழுக்க மர ஜாயிஸ்ட் (தரைப்பலகையைத் தாங்கும் உத்திரம்), அடியில் காலி இடம், சுற்றுச்சுவரில் ஏர் பிரிக் (காற்றுப் போக ஓட்டையுள்ள செங்கல்). பலகையைப் பிரித்துவிட்டு வெந்நீர்க் குழாய் போட ஆசை, ஆனால் கான்கிரீட் இல்லாத தரையில் சூடு நிற்குமா, ஜாயிஸ்ட்டை வெட்டினால் தரை தொய்யுமா? அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர்காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

மரவேலைக்காரன்: போடலாம் தம்பி, நான் இரண்டு வீட்டில் செய்திருக்கிறேன். ஜாயிஸ்ட்டுகளுக்கு நடுவே பிஐஆர் அட்டையை (சூடு கீழே இறங்காமல் தடுக்கும் கெட்டி நுரை அட்டை) இடைவெளி இல்லாமல் இறுக்கி வை, அதன்மேல் அலுமினிய ஸ்ப்ரெடர் பிளேட் (சூட்டைப் பரப்பும் தகடு), அதன் பள்ளத்தில் 16 மி.மீ குழாய். பிளேட் பலகையை ஒட்டித் தொடவில்லை என்றால் சூடு மேலே ஏறாது, பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வெட்டுவதில் கவனம்: குழாய்க்காக ஜாயிஸ்ட்டின் மேல்விளிம்பில் போடும் வெட்டு அதன் உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்குள்தான் இருக்கலாம், 100 மி.மீ ஜாயிஸ்ட்டில் அது 12 மி.மீ, உன் குழாயே அடங்காது. அதனால் குழாயை ஜாயிஸ்ட்டின் போக்கிலேயே ஓட்டு, குறுக்கே போக வேண்டிய இடத்தில் உயரத்தின் நடுக்கோட்டில் துளை போடு.

குரோய்டன் அக்கா: ஏர் பிரிக்கை மட்டும் அடைத்துவிடாதீர்கள்! குளிர்காற்று வருகிறதென்று நாங்கள் அடைத்தோம், சில வருடத்தில் ஈரம் தங்கி ஜாயிஸ்ட் முனைகள் உளுத்துப்போயின. அப்புறம், பலகை மூடுவதற்கு முன்பே குழாயில் அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

ஹாரோவாசி: நன்றி அண்ணா, அக்கா. மேலே ஓக் பலகை சரிவருமா?

மரவேலைக்காரன்: எஞ்சினியர்டு ஓக் (அடுக்குப் பலகை மேல் ஓக் ஒட்டியது) என்றால் சரி. மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டாதபடி ஃப்ளோர் சென்சார் வை.