காகிதக் கூழுக்கு எந்தப் பசை போடலாம்? சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் காசிமேடு. லீவில் பிள்ளைகள் பழைய பேப்பரைக் கிழித்து ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, பலூன் மேல் அப்பிக் கிண்ணமும் முகமூடியும் செய்கிறார்கள். டிவி பக்கமே போவதில்லை, அந்த மட்டும் நிம்மதி.

சிக்கல் பசையில்தான். மைதாவைக் காய்ச்சித்தான் கலக்கிறோம். கடற்காற்று ஈரத்துக்கு மேலே மட்டும் காய்கிறது. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். பலூனை உடைத்துப் பார்த்தால் உள்பக்கம் நசநசவென்று, பச்சையாகப் பூசணம், புளித்த வாடை வேறு. அப்புறம் எறும்பு.

போஸ்டர் ஒட்டுகிற பக்கத்து வீட்டு அண்ணன் மயில்துத்தம் போடச் சொன்னார். பூச்சி அண்டாது, சரி. ஆனால் அது விஷமாச்சே, சின்னவள் இன்னும் விரல் சப்புகிறாள். அது வேண்டாம்.

உப்போ கிராம்பு எண்ணெயோ சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஒரு டம்ளர் மாவுக்கு எவ்வளவு? மைதாவை விட்டுவிட்டு ஃபெவிகாலுக்கே போய்விடலாமா? கொலு பொம்மை செய்கிறவர்கள் யாராவது இருந்தால், ஒரு தடவைக்கு எவ்வளவு கனமாக அப்பலாம், வெயிலில் வைப்பதா ஃபேன் காற்றிலா என்றும் சொல்லுங்கள். சனிக்கிழமை பேப்பர் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.