சைமன் சுந்தர்ராஜ் நினைவுப் பலகைக்கு பழைய போட்டோக்கள் வேண்டும்

தஞ்சை, குடந்தை, திருவாரூர், நாகை கால்பந்து நண்பர்களுக்கு வணக்கம்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டு அணியிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல் அதுதான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அதற்காகத்தான் மைதானத்தில் ஒரு பலகை வைக்கிறோம். அவர் ஆடிய காலத்து டீம் போட்டோ, பேப்பர் கட்டிங் இருந்தால் கொடுத்து உதவுங்கள்.

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிரிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேலே உள்ள ஜெலட்டின் இளகி, காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐயில் (ஸ்கேனரில் உள்ள துல்லிய அளவு) ஸ்கேன் செய்யலாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பின்பக்கம் பெயர் எழுத பென்சில் மட்டும், அதுவும் அழுத்தாமல். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

லேஸ் கட்டிய பழைய தோல் பந்து யாரிடமாவது இருக்கிறதா? காற்று அடிக்க வேண்டாம், காய்ந்த தோலில் தையல் விட்டுப்போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், சிக்குப் பிடித்துவிடும். உள்ளே பழைய பருத்தித் துணியைத் திணித்தால் உருண்டையாக நிற்கும்.

குரூப் போட்டோவில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள்தான் எங்களுக்கு மிக அவசரம். தெரிந்தால் கீழே சொல்லுங்கள், வீட்டுக்கே வருகிறோம்.