வளரும் பிள்ளைக்கு நீளும் முட்டி இம்பிளாண்ட்: திருகாணியா, காந்தமா?

பயோமெக்_மதுரை

இறுதியாண்டு புராஜெக்ட். தொடையெலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசார்கோமா (எலும்புப் புற்று) வந்து, 150 மி.மீ. வெட்டியெடுக்கப்படும் 10 வயதுப் பையனுக்கு நீட்டக்கூடிய மெகா புராஸ்தசிஸ் (வெட்டிய எலும்புக்கும் மூட்டுக்கும் பதிலாக வைக்கும் பெரிய செயற்கை உறுப்பு) டிசைன் செய்கிறோம். எடை 32 கிலோ, மஜ்ஜைக்குழி விட்டம் 10 மி.மீ. ஸ்டெம் (மஜ்ஜைக்குழிக்குள் செருகும் தண்டு), இடைத்துண்டு, நீளும் தண்டு, மூட்டு என நான்கு மாட்யூல். எல்லாமே டேப்பர் இணைப்பு, அதாவது கூம்பு முனையைக் கூம்புத் துளையில் அடித்து இறுக்குவது. அளவையும் திசையையும் அறுவை மேசையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது யோசனை. மூன்று சந்தேகம்: மொத்தம் எவ்வளவு நீள வேண்டும்? நீட்ட ஆலன் கீ போடும் திருகாணியா, வெளியிலிருந்து இயக்கும் காந்தமா? எலும்பில் பிடிக்க சிமெண்டா, பிரஸ் ஃபிட்டா (சிமெண்ட் இல்லாமல் இறுக்கிச் செருகுவது)?

திருகுமறை

முதலில் நீளக் கணக்கைப் போடுங்கள், பாதிக் கேள்வி அதிலேயே அடங்கிவிடும். தொடையெலும்பின் கீழ் வளர்ச்சித்தட்டு ஆண்டுக்குச் சுமார் 9–10 மி.மீ. வளரும். பையன்களுக்கு 16 வயதில் நிற்கும் என்று வைத்தால் 6 ஆண்டுக்கு 54–60 மி.மீ. முட்டிக்குக் கீழுள்ள டிபியா எலும்பின் மேல்தட்டு ஆண்டுக்கு 6 மி.மீ. அதன் நடுவே வழவழப்பான ஸ்டெம்மை ஒட்டாமல் நழுவும்படி விட்டால் வளர்ச்சி தொடரும், ஆனால் பழைய வேகம் இருக்காது. அதற்காக இரண்டையும் கூட்டி 90-க்கும் மேலே போகாதீர்கள். 60 போதும், மிச்ச வித்தியாசத்தை மறுகாலின் வளர்ச்சித்தட்டைச் சரியான வயதில் நிறுத்திச் சமன் செய்துகொள்வார்கள்.

இப்போது இடம். 60 நீளவேண்டும், முழுக்க நீண்ட பிறகும் உள்தண்டு குழாய்க்குள் தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கவேண்டும், இல்லையென்றால் வளைவு விசையில் கவ்விக்கொள்ளும். 20 மி.மீ. தண்டுக்கு அது 30. ஆக 90 போய்விட்டது. மீதி 60-க்குள் கியர்பாக்ஸ், காந்தம், முட்டி மூட்டு. இதில் ஒவ்வொரு டேப்பரும் 15–20 மி.மீ. கேட்டால் எங்கே போவீர்கள்? நான்கு மாட்யூல் காகிதத்தில்தான் அழகு. இடைத்துண்டை எடுத்துவிடுங்கள். நீளும் அளவையும் 50-ஆகக் குறைத்து, தீர்ந்தபின் நீளும் மாட்யூலை மட்டும் மாற்றும்படி வையுங்கள். மாட்யூலர் என்பதற்கு இங்கே அர்த்தம் அதுதான்.

காந்த வகைக்கு லண்டன் ஸ்டான்மோரில் உருவான வடிவமைப்பைப் படியுங்கள். காலை ஒரு சுருளுக்குள் வைத்தால், சுழலும் காந்தப்புலத்தோடு உள்ளே மூடி முத்திரையிட்ட காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். கியர் குறைப்பு 13061:1. 1 மி.மீ. புரி என்றால் நிமிடத்துக்கு 0.23 மி.மீ.

உங்கள் திருகுக்கு: சராசரிப் புரி விட்டம் 9.35, புரி 1 மி.மீ., உராய்வு 0.2, இழுவிசை 1350 நியூட்டன் என்று போட்டால் சுமார் 1.5 நியூட்டன்-மீட்டர் திருக்கம் (டார்க்) வேண்டும். கியர்பாக்ஸ் திறன் 30% என்றாலும் காந்தத்துக்கு 0.4 மில்லிநியூட்டன்-மீட்டர்தான், சதுரப்புரி என்று எடுத்த கணக்கு, தாங்கி உராய்வு தனி. புரிக்கோணம் 2°, உராய்வுக்கோணம் 11°, எனவே பாரம் ஏறினாலும் பின்னோக்கிச் சுற்றாது. மசகு போட்டு உராய்வைக் குறைக்கிறேன் என்று கிளம்பினால் இந்த இடைவெளியைத் திரும்பப் பாருங்கள்.

பாரத்தை 32 கிலோவுக்குப் போடாதீர்கள். அதே இம்பிளாண்ட் 16 வயதில் 60 கிலோவைச் சுமக்கும். நடையில் முட்டிக்கு உடல் எடையைப் போல் 2.5–3 மடங்கு, அதாவது 1770 நியூட்டன் வரை வரும்.

ஆர்த்தோ_வாசன்

ஆலன் கீ வகையில் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு வெட்டு. வெட்டு சின்னது, கிருமி நுழைய அது போதும். கீமோதெரபி முடித்த உடம்பு, பெரிய உலோகம். சீழ் பிடித்தால் மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். காந்த வகையில் மயக்க மருந்தே வேண்டாம், 4–5 மி.மீ. நீட்ட இருபது நிமிடம் சொச்சம். ஒரே அமர்வில் அதற்கு மேல் போனால் காலை மடக்க முடியாமல் முட்டி இறுகும், நரம்பும் இழுபடும். எதிர்ப்பக்கம்: உள்ளே காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்க முடியாது. கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டிய நோயாளியிடம் இது சின்ன விஷயமில்லை. விலை வேறு. பணம் ஒரு பிரச்சினை என்றால், நீட்டும் தடவைகளைக் குறைத்துத் திட்டமிட்ட திருகாணி வகை ஒன்றும் கேவலமில்லை.

பிடிப்புக்கு வருவோம். 10 மி.மீ. குழியில் சுற்றிலும் 1.5 மி.மீ. சிமெண்ட் விட்டால் ஸ்டெம் 7 மி.மீ. ஆகிவிடும். வளைவு வலிமை விட்டத்தின் கனத்தை (மூன்றாம் அடுக்கை) பொறுத்தது. 10-க்கு எதிரே அது மூன்றில் ஒரு பங்குதான். நடுவில் ஒடியும். குழியை 11.5 வரை குடைந்து 8.5 போடலாம், எலும்புச்சுவர் அதைத் தாங்கினால். பிரஸ் ஃபிட் என்றால் முதல் வாரங்களில் அசைவு 40 மைக்ரான் அளவில் நிற்கவேண்டும். 150-ஐத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். எதைப் போட்டாலும் வெட்டுமுகத்தில் பள்ளமிட்டு ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பின் தாது) பூசிய காலர் (வளையம்) வையுங்கள். எலும்பு அதில் ஏறிப் பிடித்தால் தேய்மானத் துகள் ஸ்டெம் வழியே மேலே போகாது.

இன்னொரு வழி, வட்டு ஸ்பிரிங் அடுக்கால் எலும்பை நிரந்தரமாக அமுக்கி வைக்கும் வகை. 1.8, 2.7, 3.6 கிலோநியூட்டன் என்று மூன்று நிலை உண்டு. நீண்ட ஸ்டெம் வேண்டாம், எலும்பு கரைவதும் குறையும். ஆனால் சுவர் 2.5 மி.மீ.யாவது தடிமன் இருக்கவேண்டும். எலும்பு பிடிக்கும்வரை காலில் முழு எடை கூடாது. முறுக்கு விசைதான் அதன் பலவீனம்.

டெஸ்ட்பெஞ்ச்

டேப்பரைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு இடுக்கு. நடையின் ஒவ்வொரு அடியிலும் சில மைக்ரான் உராய்ந்து ஆக்சைடு படலம் பெயரும், இடுக்கில் நீர் தேங்கி அமிலமாகும், அரிப்பு தொடரும். இடுப்பு மூட்டில் கழுத்தைத் தனி மாட்யூலாக்கி, டைட்டேனியம் ஸ்டெம்மில் கோபால்ட்-குரோம் கழுத்தைச் செருகிய ஸ்ட்ரைக்கரின் ரிஜுவனேட் 2012-இல் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். கோணம், நீளம் எல்லாம் மாற்ற முடிந்தது, ஆனால் வளைவு அதிகமுள்ள இடத்தில் இணைப்பு இருந்தது.

ஆகவே டேப்பரை வளைவு குறைந்த இடத்தில் வையுங்கள், இரு பக்கமும் ஒரே உலோகக் கலவை, முறுக்குக்குத் தனிச் சாவி (சுழலாமல் தடுக்கும் கட்டை). '12/14' என்று அளவுப் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் டேப்பர் இன்னொன்றில் சரியாக உட்காரும் என்று நம்பாதீர்கள். பூட்டும்போது இரத்தம், கொழுப்பு ஒட்டாமல் துடைத்து, காய்ந்த நிலையில் 4 கிலோநியூட்டனுக்குக் குறையாமல் அடிக்கவேண்டும். கழற்றிய டேப்பரில் கோடு விழுந்திருந்தால் புது மாட்யூலை அதிலேயே மாட்டாதீர்கள். திருகுமறை சொன்ன மாற்று மாட்யூலுக்கு இது முக்கியம்: எலும்பில் நிற்கும் பக்கம் ஆண் டேப்பராக இருந்தால், பரப்பைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம்.

அரிப்புச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1875 என்ற தரநிலையைப் பாருங்கள்.

பயோமெக்_மதுரை

இடைத்துண்டை எடுத்துவிட்டோம். ஒரே டேப்பர், ஸ்டெம்முக்கும் நீளும் மாட்யூலுக்கும் நடுவில். உள்தண்டு சுழலாமல் இருக்க ஒரு சாவிக்கட்டை போதுமா?

திருகுமறை

எதிரெதிராக இரண்டு வையுங்கள். ஒன்று என்றால் முறுக்கில் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து குழாயைச் சுரண்டும். டைட்டேனியத்தோடு டைட்டேனியம் உரசினால் இரண்டும் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும், கறுப்புத் துகளும் கொட்டும். சாவியைக் கோபால்ட்-குரோமில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டெஸ்ட்பெஞ்ச் சொன்ன கலப்பு உலோகத் தொல்லை இங்கேயும் வரும். டைட்டேனியத்திலேயே செய்து நைட்ரைடு பூச்சு கொடுங்கள், பூச்சு எத்தனை சுழற்சி தாங்குகிறது என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.