மதுரை தங்கம் தியேட்டர்: பழைய டிக்கெட், போட்டோ யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு அடுத்த மாதம் எண்பது வயது. மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமையடித்துக்கொண்டது. இப்போது கட்டடமே இல்லை.

பிறந்தநாளுக்கு அந்தத் தியேட்டரின் டிக்கெட் துண்டு ஒன்றை ஃபிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. உள்ளே எடுத்த போட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது. எனக்குக் கிடைத்ததெல்லாம் வெளிச்சுவர் படங்கள்தான். டிக்கெட்டைத் தர மனமில்லாவிட்டால் ஸ்கேன் அனுப்பினாலும் போதும், அச்சடித்துக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. படம் தொடங்குமுன் திரை மேலே ஏறும்போது ஓர் இசைத்தட்டு போடுவார்களாம். அப்பா நாதஸ்வரம் என்கிறார். அத்தையோ, "போடா, அது இங்கிலீஷ் மியூசிக்" என்று அடித்துச் சொல்கிறார். இருபது வருடமாக ஓடும் சண்டை இது. தரை டிக்கெட்டோ பால்கனியோ, அங்கே உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் என்ன இசை என்று சொல்லுங்களேன். அத்தை ஜெயித்தாலும் பரவாயில்லை.