பெண் பூனைக்குட்டிக்குக் கருத்தடை: எந்த வயதில்?

கேள்வி: எங்கள் மிளகுக்கு நாலு மாதம், எடை 1.8 கிலோ. கூடப் பிறந்த ஆண் குட்டியும் இதே வீட்டில்தான். ஒருமுறை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

பதில் 1: வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நாலு மாதத்திலேயே சில குட்டிகள் சினைப்படும். அண்ணன் தங்கை என்றெல்லாம் பூனை பார்க்காது! 5 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். முதல் இனச்சேர்க்கைப் பருவத்துக்கு முன்பே செய்தால் பால்சுரப்பிப் புற்றுநோய் ஆபத்தும் வெகுவாகக் குறையும்.

பதில் 2: ஆணுக்கும் சேர்த்தே செய்யுங்கள். ஆனால் அதன் பிறகும் சில வாரங்களுக்கு ஆண் குட்டியால் சினையாக்க முடியும். அப்புறம், அறுவை சிகிச்சைக்கு முன் குட்டிகளை இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள், ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்: சரி, இரண்டுக்கும் சேர்த்தே நாள் குறிக்கிறேன். மாமியாரை அவர் மகன் பார்த்துக்கொள்ளட்டும்.