அப்பாவின் சிவிக்குக்கு எந்த எஞ்சின்?

கவின்: மாமா, அப்பாவின் ஹோண்டா சிவிக் கார் மறுபடியும் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. போன மாதம்தான் ஊற்றினேன். நேற்று அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் ஒட்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை.

கவின்: இங்கே சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்கு ஜப்பான் ஹாஃப் கட், அதாவது பாதியாக வெட்டிய பழைய வண்டியின் முன்பகுதி, வந்திருக்கிறதாம். சிவிக்கின் வேக ரகமான டைப் ஆரின் கே20ஏ எஞ்சின், 225 குதிரைசக்தி. எப்படியும் எஞ்சினில் கை வைக்கத்தான் வேண்டும், அதையே போட்டுவிடலாமா?

சித்தப்பா: போடு தம்பி! வண்டி பறக்கும்.

செல்வம் மாமா: முன்பணம் கொடுத்துவிட்டாயா?

கவின்: உங்களைக் கேட்காமல் கொடுப்பேனா மாமா?

செல்வம் மாமா: சரி, கொடுக்காதே. சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

ரேவதி அக்கா: கவின், நான் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வேலையில் இருப்பதால் சொல்கிறேன். உன் காப்புறுதி 1.6 லிட்டர் சிவிக்குக்குப் போட்டது. சொல்லாமல் 2.0 லிட்டர் எஞ்சின் போட்டால், விபத்து நடந்ததும் மதிப்பீட்டாளர் பானெட்டைத் திறந்த அன்றே தெரிந்துவிடும். உன் வண்டிக்குப் பணம் வராது. அடிபட்டவருக்குக் காப்புறுதி நிறுவனம் கொடுத்தாலும், அதை உன்னிடமே திருப்பிக் கேட்கலாம்.

கவின்: சொல்லிவிட்டுப் போட்டால்?

ரேவதி அக்கா: முதலில் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்பார்கள். அது இல்லாமல் பேச்சே கிடையாது.

செல்வம் மாமா: ரேவதி சொன்னது சரி. இப்போது என் பங்கு, கொஞ்சம் நீளம்.

செல்வம் மாமா: எஞ்சின் எண் பிளாக்கிலேயே குத்தியிருக்கும். கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், துணியால் துடைத்து டார்ச் அடித்தால் தெரியும். அந்த எண்தான் வண்டியின் பதிவிலும் இருக்கிறது. அதே ரக எஞ்சினை மாற்றினாலும் எல்டிஏவிடம் அனுமதி வாங்க வேண்டும். பெரிய எஞ்சின் என்றால் கேள்விகள் கூடும். வண்டி வைத்திருக்க வாங்கும் சிஓஇ சான்றிதழில் நம் வண்டி ஏ பிரிவு. அந்தப் பிரிவுக்கு 1600 சிசி வரம்பு, 2014இலிருந்து 97 கிலோவாட் வரம்பும் உண்டு. கே20ஏ 1998 சிசி, ஏறக்குறைய 165 கிலோவாட். இரண்டையும் தாண்டுகிறது. அதனால் பட்டறைக்காரர் "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்வதை நம்பாதே. எல்டிஏ பதில் எழுத்தில் வந்த பிறகுதான் ஒரு சிங்கப்பூர் வெள்ளியாவது கொடுக்க வேண்டும்.

சித்தப்பா: மலேசியாவில், ஜோகூர் பாருவில் போட்டுக்கொண்டு வந்தால் மச்சான்? அங்கே செலவும் குறைவு.

செல்வம் மாமா: எங்கே போட்டாலும் பதிவு சிங்கப்பூரில்தானே மச்சான்? சட்டமும் இங்கத்தியதுதான். அபராதம் மட்டுமில்லை, சிறைக்கும் இடம் உண்டு. நான் பட்டறையில் இருந்த காலத்தில் ஒருவர் அப்படித்தான் போட்டுவந்தார். ஒவ்வோர் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் பழைய எஞ்சினை ஏற்றுவார், முடிந்ததும் இறக்குவார். இரண்டு நாள் வேலை. ஏற்றி இறக்கி மவுண்ட் போல்ட்டின் மரையே தேய்ந்துவிட்டது. ஒரு மழை நாளில் முன்னால் போன வேனில் மோதினார். பிரேக் பழைய 1.6 பிரேக். அவர் வண்டிக்கு ஒரு காசும் வரவில்லை. அந்த மனிதர் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கவின்: பிரேக்கும் மாற்ற வேண்டுமா?

செல்வம் மாமா: டைப் ஆருக்கு ஹோண்டா முன்பக்கம் பிரெம்போ பிரேக் கொடுத்தது சும்மா இல்லை. எஞ்சின் விலை மொத்தச் செலவில் பாதிதான். வயரிங், எஞ்சின் கணினியான ஈசியூ, ரேடியேட்டர், டிரைவ் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் எல்லாம் தொடர்ந்து வரும். கம்ப்ரஷன் விகிதம் 11.7, அதனால் 98 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அப்புறம் அது ஆறு கியர் மேனுவல்.

அம்மா: மேனுவலா? இவனிடம் இருப்பது ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டுமான 3ஏ லைசென்ஸ்தானே அண்ணா?

கவின்: அட, ஆமாம் அம்மா. அதை நான் யோசிக்கவே இல்லை.

ரேவதி அக்கா: அந்த எஞ்சினைப் போட்டால் உன் வண்டியை நீயே ஓட்ட முடியாது. முதலில் கிளாஸ் 3 எடுக்க வேண்டும்.

கவின்: சாலை வரி எவ்வளவு கூடும் மாமா?

செல்வம் மாமா: வண்டிக்கு 14 வயது தாண்டிவிட்டது, 50 விழுக்காடு கூடுதல் வரி. இப்போது ஆண்டுக்குச் சுமார் 1,110 வெள்ளி கட்டுகிறாய். 1998 சிசிக்குச் சுமார் 1,815 ஆகும். சிஓஇ 2030இல் முடிகிறது. 2020இல் புதுப்பித்தபோதே, வண்டியின் பதிவை நீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி போய்விட்டது. பெரிய எஞ்சினுக்குக் கொட்டும் பணத்தில் எதுவும் திரும்பி வராது.

சித்தப்பா: இவ்வளவு இருக்கிறதா! தெரியாமல் உசுப்பிவிட்டேன் தம்பி.

கவின்: எனக்கு வேகம் ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன் மாமா. ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை. அப்பா இருந்தபோது அந்த வண்டி நடுவழியில் நின்றதே இல்லை. என் கையில் வந்து நின்றுவிடக் கூடாது.

அம்மா: அவர் ஒவ்வொரு ஞாயிறும் கீழே கார்பார்க்கில் பானெட்டைத் திறந்து வைத்திருப்பார். நீ டார்ச் பிடிப்பாய்.

செல்வம் மாமா: அதனால்தான் சொல்கிறேன் கவின், அவர் ஓட்டிய ஆர்16 எஞ்சினையே வைத்துக்கொள். திறந்து சரிசெய்தால் பிளாக் அதேதான், எண்ணும் அதேதான். பதிவில் எதுவும் மாறாது, காப்புறுதியும் அப்படியே இருக்கும்.

செல்வம் மாமா: புகை காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஓடும்போதும் வந்தால் பிஸ்டன் ரிங். சீல் என்றால் எஞ்சினை இறக்கவே வேண்டியதில்லை.

கவின்: காலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பிஐஇ விரைவுச்சாலையில் பின்னால் புகை வருகிறதா என்று கவனித்ததில்லை.

செல்வம் மாமா: நாளைக் காலை கம்ப்ரஷன் கேஜ் எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த முதல் புகையை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அம்மா: எட்டு மணிக்கு வந்துவிடுங்கள் அண்ணா. இட்லி ஊற்றிவைக்கிறேன்.

சித்தப்பா: நானும் வருகிறேன் அண்ணி.

கவின்: சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் மாமா.