5-4/9, 4/10, மேக்ஸிஃப்ளெக்ஸ்: அமெரிக்க அரசு வேலையில் டைம்கார்டு எங்கே சிக்குது?

பேரோல் பாண்டி

அமெரிக்க மத்திய அரசு வேலையில் ‘மாற்று ஷெட்யூல்’ என்றதும் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை லீவுதான் ஞாபகம் வருகிறது. சட்டத்தில் அது இரண்டு தனித்தனி ஏற்பாடு: ஃப்ளெக்ஸிபிள் (மேக்ஸிஃப்ளெக்ஸ் இதில் ஒரு வகை) ஒன்று, கம்ப்ரெஸ்டு (5-4/9, 4/10 மாதிரி, பத்து நாள் வேலையைக் குறைந்த நாளில் முடிப்பது) ஒன்று. 1978-ல் சோதனையாக ஆரம்பித்து, 1982 சட்டத்திலும் அப்படியே பிரித்துத்தான் வைத்தார்கள். இரண்டிலும் இரண்டு வார பே பீரியடுக்கு 80 மணி நேரம் முடிக்கணும். அதோடு ஒற்றுமை சரி. கம்ப்ரெஸ்டில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பது கல்வெட்டு. ஃப்ளெக்ஸிபிளில் கோர் நேரத்துக்கு (எல்லாரும் கட்டாயம் இருக்கவேண்டிய மணிகள்) ஆள் இருந்தால் போதும், வருவதும் போவதும் அனுமதித்த வரம்புக்குள் நம் விருப்பம். ரெண்டிலிருந்தும் நல்லதை மட்டும் பொறுக்கிக் கலப்பு ஷெட்யூல் போட இடமே கிடையாது. திரும்பி வருகிற டைம்கார்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கலப்படம்தான்.

5-4/9 கணக்கு: ஒன்பது நாள் வேலை, அதில் எட்டு நாள் 9 மணி நேரம், ஒரு நாள் 8 மணி நேரம். 8 மணி நேர நாளை வழக்கமாக ஐந்து நாள் வாரத்தில் வைப்பார்கள், அதனால் ஒரு வாரம் 44, அடுத்த வாரம் 36. அந்த 44-ல் 40-க்கு மேல் இருக்கும் 4 மணி நேரத்துக்கு ஓவர்டைம் கேட்காதீர்கள். கம்ப்ரெஸ்டில் ஷெட்யூலைத் தாண்டினால்தான் ஓவர்டைம்.

நிஜச் சிக்கல் பே பீரியட் நடுவில் ஷெட்யூலை மாற்றும்போது வரும். 44 முடித்தவரை அடுத்த வாரம் 5×8-க்கு (ஐந்து நாள், நாளுக்கு 8 மணி நேரம்) மாற்றினால் மொத்தம் 84. 36 முடித்தவரை மாற்றினால் 76, குறையும் 4 மணி நேரத்துக்கு அவர் லீவு போடணும். புதுசாக வந்த சூப்பர்வைசர்கள் நல்ல மனசோடு ‘திங்கள்லேர்ந்து மாத்திக்கோங்க’ என்று சொல்லி இதில் மாட்டிக்கொள்வார்கள். மாற்றம் எப்போதும் பே பீரியடின் முதல் ஞாயிறிலிருந்து, எழுத்தில்.

மேரிலாந்து மாமி

பாண்டி அண்ணா சொன்னது 4/10-க்கு (வாரம் நாலு நாள், நாளுக்கு 10 மணி நேரம்) அவ்வளவா பாதகமில்ல. அதுல ரெண்டு வாரமும் 40 தான். ஒரு வாரம் டிரெய்னிங்னு 5×8-க்கு மாத்தினாலும் மொத்தம் 80 வந்துடும். 5-4/9 ஆளை டிரெய்னிங்குக்கு அனுப்பறதா இருந்தா அந்த பே பீரியட் முழுசையும் 5×8 ஆக்கிடறது நல்லது.

ஆனா ஃபெடரல் ஹாலிடே வந்தா எல்லாருக்கும் தலைவலி. கம்ப்ரெஸ்டுன்னா அன்னிக்கு எத்தனை மணி நேரம் வேலை இருந்ததோ அத்தனையும் ஹாலிடே: 8, 9, இல்ல 10. ஃப்ளெக்ஸிபிள்னா 8 தான். மேக்ஸிஃப்ளெக்ஸ்ல (எந்த நாள் எத்தனை மணி நேரம்னு நாமளே மாத்திக்கிற ஃப்ளெக்ஸிபிள்) அன்னிக்கு 10 மணி நேரம்னு பிளான் போட்டிருந்தா பாக்கி 2 மணி நேரத்தை நாமதான் கொண்டு வரணும். வேற நாள்ல கூடுதலா வேலை பார்க்கலாம், கிரெடிட் அவர்ஸ் (முன்னாடி கூடுதலா வேலை பார்த்து, பின்னாடி எடுத்துக்கச் சேர்த்து வெச்ச மணி நேரம்) போடலாம், இல்லேன்னா வருடாந்திர லீவு. டைம்கார்டுல ஹாலிடே கோடுல 10 போட்டா சிஸ்டம் சில சமயம் ஏத்துக்கும், அப்புறம் ஆடிட்ல பிடிபடும்.

ஹாலிடே நம்ம ஆஃப் நாள்ல விழுந்தா? 2025 ஜூலை 4 வெள்ளிக்கிழமை. வெள்ளி ஆஃப் உள்ளவங்களுக்குப் பதில் விடுமுறை முந்தின நாள், வியாழன் ஜூலை 3. எல்லாரும் தப்பு பண்றது திங்கள் ஆஃப் கேஸ்ல. 2025 மெமோரியல் டே மே 26, திங்கள். செவ்வாய்தான் லீவுன்னு நினைப்பாங்க. இல்ல, முந்தின வேலை நாள், வெள்ளி மே 23! ஆஃப் நாள் ஞாயிறா இருந்தா மட்டும்தான் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். கம்ப்ரெஸ்டுல ஏஜென்சி வேற நாளை நியமிக்கலாம், ஆனா அதுக்கு வேலை பாதிக்கும்னு காரணம் இருக்கணும். சூப்பர்வைசர் வாயால சொன்னா செல்லாது.

பனி பெய்ஞ்சு ஆபீஸ் மூடற நாள் நம்ம ஆஃப் நாளா இருந்தா ஒண்ணும் கிடைக்காது. புலம்பலாம், அவ்வளவுதான்.

புதுசு_ஜிஎஸ்9

மாமி, 4/10-ல இருந்துகிட்டே கிரெடிட் அவர்ஸ் சேர்க்க முடியுமா? பக்கத்து டிவிஷன்ல சேர்க்கிறாங்க.

பேரோல் பாண்டி

முடியாது தம்பி. கம்ப்ரெஸ்டில் கிரெடிட் அவர்ஸே கிடையாது. பக்கத்து டிவிஷன் ஆள் ஒருவேளை மேக்ஸிஃப்ளெக்ஸில் இருந்துகொண்டு நாலு நாள் வேலை பார்க்கிறாரோ என்னவோ. பார்க்க 4/10 மாதிரியே இருக்கும், விதி வேறு. ஷெட்யூல் கோடைக் கேட்டுப் பாருங்கள்.

ஃப்ளெக்ஸிபிளில் அடுத்த பே பீரியடுக்குக் கொண்டு போகக்கூடியது முழுநேர ஊழியருக்கு 24 மணி நேரம். கையில் 22 இருக்கும்போது இன்னும் 4 சேர்த்தால், பே பீரியட் முடிவதற்குள் 2 எடுத்துக்கொள்ளணும். விட்டால் போச்சு, பணமாகவும் வராது. முன்கூட்டி எடுத்துவிட்டுப் பிறகு சேர்க்கிறேன் என்பதும் நடக்காது. ஃப்ளெக்ஸிபிளை விட்டு வெளியேறும்போது மட்டும் மிச்சமிருக்கும் 24 வரைக்கும் அப்போதைய சம்பள விகிதத்தில் பணம் தருவார்கள்.

இன்னொன்று: கிரெடிட் அவர்ஸ் என்பது ஊழியர் தானாக விரும்பிச் செய்வது. ‘இன்னிக்கு இருந்து முடிச்சிட்டுப் போ, கிரெடிட் போட்டுக்கோ’ என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டால் அது ஓவர்டைம் கணக்கு.

வர்ஜீனியா வாசி

சூப்பர்வைசர் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கணும். பத்து பேர் டீமில் பத்து பேரும் வெள்ளி கேட்பார்கள். 5-4/9 என்றால் ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒரு குழுவுக்கு முதல் வெள்ளி, இன்னொரு குழுவுக்கு இரண்டாம் வெள்ளி கொடுக்கலாம். பிரிக்கும்போது தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம். ஒரு வேலையைத் தெரிந்தவர் இரண்டே பேர் என்றால் அவர்கள் எதிரெதிர் குழுவில் இருக்கணும். ஒரே கையெழுத்து அதிகாரம் உள்ள இருவரை ஒரே வெள்ளியில் அனுப்பிவிட்டு, கொள்முதல் கோப்பு திங்கள் வரை தூங்குவது அடிக்கடி நடக்கிற கூத்து.

மதிய உணவு அரை மணி நேரம் சம்பளக் கணக்கில் வராது. 9 மணி நேர நாள் என்றால் வாசலுக்கு வாசல் ஒன்பதரை, 10 என்றால் பத்தரை. குழந்தையை டேகேரில் ஆறு மணிக்குள் எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கூட்டிப் பார்க்கவும். லீவும் அப்படித்தான்: 10 மணி நேர நாளில் ஒரு நாள் லீவு என்றால் 10 கழியும். சேர்ந்து மூன்று வருஷம் ஆகாதவருக்கு பே பீரியடுக்கு 4 மணி நேரம்தான் ஏறும், ஆக ஒரு நாள் லீவுக்கு இரண்டரை பே பீரியட் உழைப்பு.

ஷெட்யூலை நிறுத்தவோ மறுக்கவோ ஏஜென்சி காட்டக்கூடிய காரணம் மூன்று: உற்பத்தித்திறன் குறைவது, பொதுமக்களுக்கான சேவை குறைவது, செலவு கூடுவது. ‘எனக்கு ஆள் எதிரே இருந்தால்தான் நிம்மதி’ என்பது இந்த மூன்றிலும் அடங்காது. யூனியன் உள்ள இடத்தில் பேசி முடியாவிட்டால் ஏஜென்சி, யூனியன் முட்டுக்கட்டையைத் தீர்க்கிற ஃபெடரல் சர்வீஸ் இம்பாஸஸ் பேனலுக்குப் போகும், அவர்கள் 60 நாளில் முடிவு சொல்லணும். அங்கே கையில் தேதி போட்ட தாமதப் பட்டியலோ, எடுக்கப்படாத அழைப்புகளின் கணக்கோ இல்லாமல் போகிற ஏஜென்சிக்கு வாதமே இருக்காது.

யூனியன் இல்லாத இடத்தில் கம்ப்ரெஸ்டு கொண்டுவரணும் என்றால் அந்தப் பிரிவு ஊழியர்களில் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். ஓட்டில் தோற்றவர், தனக்கு அது சொந்தக் கஷ்டம் என்றால் எழுத்தில் விலக்குக் கேட்கலாம்.

மேரிலாந்து மாமி

ராத்திரி அலவன்சை விட்டுட்டீங்க. மாலை 6-லேர்ந்து காலை 6 வரைக்கும் 10 சதவீதம். கம்ப்ரெஸ்டுல ஷெட்யூலே ராத்திரி 7 வரைக்கும்னா அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வரும். ஃப்ளெக்ஸிபிள்ல பகல்லயே 8 மணி நேரம் முடிக்க வழி இருந்தும் நாமளா ஏழு மணி வரை உட்கார்ந்தா வராது. புதுசு தம்பி, உன் ஷெட்யூல் கோடு என்னன்னு பார்த்துட்டு இங்கயே போடு, ஹாலிடே வரிசையையும் சேர்த்துப் பார்த்துடலாம்.